பொரிக்காத முட்டைக்கும் ஒரு வரி எழுதுங்கள்

என் வயதுக்காரர்களில் பள்ளிக்கூடத்தில் 'கூமுட்டை' என்று ஒரு தடவையாவது திட்டு வாங்காதவர்கள் குறைவு. கணக்கு வராதவன் கூமுட்டை, கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பவன் கூமுட்டை. அடைக்கு வைத்துப் பொரிக்காமல் கெட்டுப்போன முட்டைக்கு ஊரில் வைத்த பெயர் அது. அந்தப் பெயரிலேயே ஒரு தீர்ப்பும் இருக்கிறது: குற்றம் முட்டையுடையது. கோழி ஒழுங்காக உட்கார்ந்ததா, சேவல் சரியாக இருந்ததா, கூடையை யாராவது இடம் மாற்றினார்களா என்று யாரும் விசாரிப்பதில்லை. அதிகம் போனால் 'அன்றைக்கு இடி இடித்தது' என்பார்கள். அடுத்த தடவை கூடையில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் சேர்த்து வைப்பார்கள். அத்தோடு சரி.

நான் பணியில் இருந்த காலத்தில் எனக்கு வாய்த்தவை கோழி முட்டைகள் அல்ல, பாம்பு முட்டைகள். ஊர்வன வளர்க்கும் காப்பகம் ஒன்றில் பல ஆண்டுகள் முட்டை அறை என் பொறுப்பில் இருந்தது. மலைப்பாம்பு, சாரை, நல்ல பாம்பு என்று பல வகை முட்டைகளையும் அங்கே பார்த்துவிட்டேன். பொரித்தவற்றையும் பார்த்தேன், பொரிக்காதவற்றையும் பார்த்தேன். இந்தக் கட்டுரை பொரிக்காதவற்றைப் பற்றியது.

எழுதக் காரணம், இப்போதெல்லாம் கைப்பேசியில் அடிக்கடி வரும் படங்கள். வீடுகளில் புகும் பாம்புகளைப் பிடித்து வனத்துறையிடம் சேர்க்கும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிடிபட்ட பாம்பு சில நேரம் பைக்குள்ளேயே முட்டையிட்டுவிடுகிறது. அந்த முட்டைகளை மண்ணிலோ தேங்காய் நார்த்தூளிலோ வைத்துப் பாதுகாத்து, குஞ்சு வந்ததும் காட்டில் விடுகிறார்கள். நல்ல காரியம். படத்தில் குட்டி நல்ல பாம்பு ஒன்று விரல் நீளத்துக்குப் படம் எடுத்து நிற்கும். கீழே நூறு வாழ்த்துகள். ஆனால் மொத்தம் எத்தனை முட்டை வைத்தார்கள், எத்தனை வீணாயின, ஏன் வீணாயின என்ற விவரம் எதிலும் இருக்காது. இது அந்தப் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. பெரிய நிறுவனங்களிலும் இதே பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பொரித்ததைக் கொண்டாடி, பொரிக்காததைக் குப்பையில் கொட்டும் பழக்கம். இது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பாம்பு முட்டையைப் பற்றிக் கொஞ்சம். எல்லாப் பாம்பும் முட்டையிடுவதில்லை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மண்ணுளி, பச்சைப்பாம்பு எல்லாம் குட்டியாகவே ஈனும். முட்டையிடும் பாம்புகளின் முட்டை கோழி முட்டை மாதிரி கடினமாக இருக்காது. தோல் மாதிரி வளையும். இட்ட சில மணி நேரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரு குவியலாகிவிடும். சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் கொஞ்சம் பெருக்கும். ஈரம் குறைந்தால் பந்து காற்றிறங்கியதுபோல் குழி விழும். ஈரம் அதிகமானால் உள்ளே இருக்கும் கரு மூச்சுமுட்டிச் சாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு பக்குவம் இருக்கிறது. நார்த்தூளை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்குவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வித்தியாசம் முக்கியமானது. கோழி தன் முட்டைகளை நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டே இருக்கும். கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவைத் தாங்கிப் பிடிக்க இரு பக்கமும் முறுக்கிய கயிறு மாதிரி ஒன்று உண்டு. அதனால் புரட்டினாலும் கரு மேலே வந்துவிடும். ஊர்வனவற்றின் முட்டையில் அந்தக் கயிறு கிடையாது. கரு முட்டையின் மேல்பக்க ஓட்டை ஒட்டி வளரத் தொடங்கும். அதற்குப் பிறகு தலைகீழாகப் புரட்டினால் அது அறுந்துபோகலாம், மூழ்கிப்போகலாம். முதலைக்கும் ஆமைக்கும் இருக்கும் அளவு பாம்புக்கு இந்த ஆபத்து இல்லை என்பார்கள். இருந்தாலும் முட்டையை எடுக்க நேர்ந்தால் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே இருக்கும்படியே வைப்பதுதான் முறை. பேனா மை வேண்டாம், பென்சில் போதும்.

முட்டை அறையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், செத்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லாமல் இருப்பது. மஞ்சளாக, சிறியதாக, கெட்டியாக இருக்கும் முட்டையில் பெரும்பாலும் கரு இருக்காது. அது முதல் நாளே தெரிந்துவிடும். மற்றவை அப்படியல்ல. குழி விழுந்த முட்டை செத்த முட்டை அல்ல. ஈரம் கொடுத்தால் பல நேரம் நிமிர்ந்துவிடும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது நல்ல முட்டையும் தளர்ந்து குழி விழும். கறை படிந்த முட்டையிலும், மேலே லேசாகப் பூஞ்சை பூத்த முட்டையிலும் உயிர் இருக்கலாம். இருட்டறையில் டார்ச் விளக்கை அடியில் பிடித்துப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக நரம்பு ஓடுவது தெரியும். நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது.

எங்களோடு வேலை பார்த்த மூத்த பராமரிப்பாளர் ஒருவர் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர். பாம்பு பிடிப்பதைத் தகப்பனிடம் கற்றவர். ஒரு தடவை பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பையன் ஒருவன், பழுப்பேறிய முட்டை ஒன்றைக் காட்டி, "ஐயா, இது போயிடுச்சு. தூக்கிப் போட்டுடவா?" என்றான்.

"இருக்கட்டும் தம்பி. செத்தா நாறும், தானா தெரியும். நாறாத முட்டைய எதுக்குப் பொணம்னு சொல்ற?" என்றார் அவர்.

அந்த முட்டை பொரித்ததா என்று கேட்பீர்கள். பொரிக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. பத்தில் ஒன்று பிழைத்தாலும் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கலாம். காத்திருப்பதில் நமக்கு என்ன செலவு? நிஜமாகவே அழுகிய முட்டை நாறும், ஒழுகும், அதைத் தேடிச் சின்ன ஈ வரும். அந்த ஈ முட்டையிட்டால் புழு பக்கத்து முட்டைக்கும் போகும். அந்த நிலையில்தான் எடுக்க வேண்டும். அதுவும் குவியலிலிருந்து தனியாக வருவதாக இருந்தால் மட்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த முட்டையைப் பிய்த்தால் பக்கத்து நல்ல முட்டையின் தோலும் சேர்ந்து கிழியும். ஒன்றைத் துப்புரவு செய்யப்போய் இரண்டை இழப்போம். மலைப்பாம்புத் தாயைப் பாருங்கள். இரண்டு மாதம் இரை எடுக்காமல் முட்டைக் குவியலைச் சுற்றிக் கிடக்கும். குளிர்ந்தால் உடம்பைத் துடிக்கவிட்டுச் சூடு உண்டாக்கும். நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் இதை அளந்து பார்த்து 1966-ல் வெளியிட்டார்கள். குவியலுக்குள் கெட்ட முட்டை இருந்தாலும் அந்தத் தாய் அதைப் பிரித்து எறிவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே அணைத்துக்கொண்டிருக்கும்.

தோல் லேசாகக் கிழிந்த முட்டைக்கு வைத்தியம் உண்டு. சுத்தமான மருத்துவப் பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, ஒழுகல் நின்றால் அப்படியே விட்டுவிடுவோம். சில பிழைத்தன, பல பிழைக்கவில்லை. எறும்புக்கு எதிரான வைத்தியம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய காலத்து மரப் பீரோ கால்களுக்கு அடியில் கிண்ணத்தில் தண்ணீர் வைப்போமே, அதேபோல் முட்டைப் பெட்டியின் கால்களுக்கும் வைத்தோம்.

இரண்டாவது பாடம், உதவி செய்ய அவசரப்படாமல் இருப்பது. இது முதல் பாடத்தைவிடக் கடினம். குஞ்சின் மேல்தாடை நுனியில் முளைத்திருக்கும் சின்ன முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறும். பிளேடால் கிழித்ததுபோல் நேர்கோடாகத் தெரியும். பிறகு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள் அப்படியே கிடக்கும். பார்க்கிற நமக்குத் தாங்காது. 'பாவம், வெளியே வர முடியாமல் தவிக்கிறது' என்று தோன்றும். அது தவிக்கவில்லை. மீதமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் அதன் முதல் வாரத்துச் சாப்பாடு. இரக்கப்பட்டு வெளியே இழுத்தால் அந்தப் பை உடைந்து குஞ்சு செத்துப்போகும். முதலைத் தாய் தன் முட்டையை வாயில் வைத்து மெல்ல உடைத்துக் குஞ்சை வெளியே விடுவதைப் பார்த்தவர்களுக்கு, பாம்புக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று தோன்றலாம். பாம்புத் தாய் அப்படிச் செய்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் முட்டை கீறியதும் மீதி முட்டைகளையெல்லாம் கத்தரியால் வெட்டிப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஒரே குவியலில் முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி வருவது சாதாரணம். அதற்கும் பிறகு அசையாத முட்டையின் மேல்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டு உள்ளே பார்க்கலாம். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் இழப்பு வரும். முழுதாக வளர்ந்து ஓட்டைக் கீறாமலே உள்ளே செத்துக் கிடக்கும் குஞ்சு உண்டு. முதுகெலும்பு வளைந்து பிறப்பது உண்டு. அபூர்வமாக இரண்டு தலையோடு பிறப்பது உண்டு. (மண்ணுளியை 'இருதலைப் பாம்பு' என்று சொல்லி ஏமாற்றி விற்கிறார்களே, அது வேறு. மண்ணுளிக்கு ஒரே தலைதான், வால் மொட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.) நன்றாகப் பிறந்து, ஒரு வாரம் பத்து நாளில் முதல் சட்டையை உரித்து, அதன் பிறகும் இரையைத் தொடாமல் மெலிந்து சாகும் குஞ்சுகளும் உண்டு. இவைதான் மனதை அதிகம் வருத்தும். காப்பாற்றியாகிவிட்டது என்று நாம் நினைத்த பிறகு போவதால் இருக்கலாம்.

இதையெல்லாம் எப்படித் தாங்குவது என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்பார்கள். நான் ஒரு கணக்குச் சொல்வேன். கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாரை ஆண்டுக்குப் பத்து முட்டை வீதம் பத்து ஆண்டு இட்டால் நூறு முட்டை. அந்த நூறில் இரண்டு மட்டும் வளர்ந்து பெரிதானால் தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று என்று ஈடாகிவிடும். மூன்று வளர்ந்தால் ஊரில் சாரை பெருகும். ஆக, தொண்ணூற்றெட்டு போவது என்பது பாம்பின் வாழ்க்கையில் எதிர்பார்த்த செலவு. கீரி தின்னும், உடும்பு தின்னும், மயில் தின்னும், காக்கை தின்னும், பெரிய பாம்பும் தின்னும். அதனால்தான் அது அவ்வளவு முட்டை இடுகிறது.

இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலருக்கு மனம் லேசாகிவிடும். 'சரி, போனால் போகட்டும், இயற்கை' என்று எழுந்து போய்விடுவார்கள். அங்கேதான் நான் மறிக்கிறேன். கீரி தின்றது இயற்கை. நம் பெட்டிக்குள் கீரி வரவில்லையே? உடும்பும் வரவில்லை. அப்படியானால் நம் பெட்டிக்குள் செத்தது எதனால்? சில முட்டை எங்கே இருந்தாலும் செத்திருக்கும். சில நம் கையால் செத்திருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லக் கூடியது ஒன்றே ஒன்றுதான். பொரிக்காத முட்டையைத் திறந்து பார்த்து, பார்த்ததை எழுதி வைத்த நோட்டு.

திறந்து பார்ப்பது அருவருப்பான வேலை, மறுக்கவில்லை. நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். ஆனால் அந்த முட்டை பேசும். உள்ளே கருவே இல்லையென்றால் இணை சேர்ந்ததில் கோளாறு என்று பார்க்க வேண்டும். ஒரே குடும்பத்துப் பாம்புகளைத் தலைமுறை தலைமுறையாக ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருக்கிறோமா என்ற கேள்வியும் அங்கேதான் எழும். அரிசி அளவு கரு இருந்து செத்திருந்தால், முட்டையை எடுத்த விதம், வண்டியில் கொண்டுவந்த விதம் இவற்றைச் சந்தேகிக்கலாம். பாதி வளர்ந்து செத்திருந்தால் சூடு, ஈரம். முழுதாக வளர்ந்து செத்திருந்தால் கடைசி நாட்களின் காற்றோட்டமும் சூடும், இல்லையென்றால் குஞ்சின் சொந்தப் பலவீனம். எல்லாமே உறுதியான தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று வழி காட்டும்.

ஓர் உதாரணம். ஒரு வருடம் மலைப்பாம்புக் குவியல் ஒன்றில் கால்வாசி கூடப் பொரிக்கவில்லை. அக்னி நட்சத்திர நாட்கள் அவை. நம் ஊரில் முட்டை அறையின் எதிரி குளிர் அல்ல, வெயில். மலைப்பாம்பு முட்டைக்கு 31, 32 டிகிரி செல்சியஸ் நல்லது. 35-ஐத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் ஆபத்து. பொரிக்காத முட்டைகளை நானும் அந்த மூத்தவரும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லாக் கருவும் ஒரே அளவு. பாதி வளர்ந்தவை. ஒரே அளவு என்றால் ஏறக்குறைய ஒரே நாளில் செத்திருக்கின்றன என்று அர்த்தம். வெப்ப நோட்டைப் புரட்டினோம். முட்டையிட்டு ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. அறையில் 38 டிகிரி என்று அன்றைய பணியாளர் எழுதியிருந்தார். பிழைத்தவை எல்லாம் குவியலின் அடியில், ஈரத்தை ஒட்டி இருந்தவை. அத்தனையும் 'இயற்கை' என்று எழுதிக் கொட்டியிருந்தால் இது தெரிந்திருக்காது. அடுத்த ஆண்டு பெட்டிகளைத் தரைத்தளத்துக்கு மாற்றினோம். மணலில் புதைத்த மண்பானைகளில் வைத்து, மேலே நனைத்த கோணிப்பையைப் போட்டோம். மின்சாரம் போனாலும் பானைக்குள் சூடு ஏறவில்லை.

அந்த வருடம் மேலே அனுப்பிய அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? பிறந்தவை இத்தனை என்று ஓர் எண். அவ்வளவுதான். படிவத்தில் பிறப்புக்குக் கட்டம் உண்டு, இறப்புக்குக் கட்டம் உண்டு. பிறந்து செத்தால்தான் இறப்பு. முட்டைக்குள்ளேயே செத்தவற்றுக்குக் கட்டம் இல்லை. அவை பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. படித்த அதிகாரி பாராட்டி ஒரு வரி எழுதினார். மின்சாரம் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று நாங்கள் கேட்டது மட்டும் நடக்கவில்லை. நஷ்டமே தெரியாத இடத்தில் ஜெனரேட்டர் எதற்கு என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. மறைத்து வைத்த இழப்பு அடுத்த ஆண்டும் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதில் சென்னைக் கடற்கரைப் பிள்ளைகளை நான் மெச்சுவேன். 1988 முதல் மாணவர்கள் அமைப்பு ஒன்று, முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்காக இரவு முழுக்கக் கடற்கரையில் நடக்கிறது. நூற்றுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு குழியின் முட்டைகளையும் எண்ணி எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைக்கிறார்கள். இப்படிப்பட்ட பொரிப்பகங்களில் குஞ்சுகள் கடலுக்குப் போனதோடு வேலை முடிவதில்லை. குழியைத் திரும்பத் தோண்டி, பொரிக்காமல் மிஞ்சிய முட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்வது முறை. வைத்தது இத்தனை, போனது இத்தனை, மிஞ்சியது இத்தனை. எந்த இடத்து மணல் சுடுகிறது, எந்த மாதத்தில் நிழல் வேண்டும் என்பதெல்லாம் அந்த மூன்றாவது எண்ணிலிருந்து தெரிய வருவது. அதே ஒழுங்கைப் பாம்பு முட்டைக்கும் கொண்டுவருவதில் என்ன கஷ்டம்?

'பாம்பு முட்டைக்குப் போய் இவ்வளவு கவலையா?' என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கடியால் ஆளை இழந்த வீட்டில் போய் நான் இதைப் பேச மாட்டேன். கடித்தால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைப் போக்காமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அந்த மருத்துவமனையில் ஏற்றும் மருந்து எங்கிருந்து வருகிறது? பாம்பின் நஞ்சிலிருந்து. 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் அந்த நஞ்சை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பாம்பை ஒழித்துவிட்டு மருந்து செய்ய முடியாது. மலைப்பாம்புக்கும் சாரைக்கும் நஞ்சே இல்லை. சாரை இல்லாத வயலில் எலி என்ன செய்யும் என்பது விவசாயம் பார்த்த எவருக்கும் தெரியும். தவிர, நான் பாம்பைப் பெருக்கச் சொல்லவில்லை. நம் கைக்கு வந்துவிட்ட முட்டைகளை ஒழுங்காகப் பாருங்கள், ஒளிக்காமல் எழுதுங்கள் என்கிறேன்.

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன். 'இத்தனை செத்தது என்று எழுதினால் கெட்ட பெயர் வரும், அனுமதியே போய்விடும்' என்பார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. அதனால்தான் இதைத் தனி ஆளின் நேர்மைக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன். படிவத்திலேயே கட்டம் வேண்டும். இட்ட முட்டை, கருவில்லாதது, இடையில் செத்தது, பொரித்தது, முதல் மாதம் தாண்டியது என்று ஐந்து கட்டம் போதும். எல்லோரும் எழுதினால் யாருக்கும் தனியாகக் கெட்ட பெயர் இல்லை. மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது குழந்தை இறந்தே பிறந்தாலும் அதற்குப் பதிவு உண்டல்லவா? அந்த எண்ணிக்கையை மறைக்காமல் பார்த்ததால்தானே தாய்மார்களுக்கான கவனிப்பு மேம்பட்டது.

நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கவோ பெருக்கவோ சட்டத்தில் இடமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் தோட்டத்து வைக்கோற்போரிலோ, செங்கல் அடுக்கிலோ, பழைய கரையான் புற்றிலோ வெள்ளையாக ஒட்டிக் கிடக்கும் முட்டைக் குவியல் நம் கண்ணில் படலாம். பார்த்தால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கையால் அள்ளவும் வேண்டாம். நல்ல பாம்பு முட்டை அருகிலேயே காவல் இருக்கும். விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். எடுக்க வருபவர் சின்னப் பையனாக இருப்பான், வேகமாக இருப்பான். அவனிடம், "தம்பி, புரட்டாம எடுப்பா, மேல்பக்கம் பென்சில்ல புள்ளி வைச்சுக்கோ" என்று சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அவன் குஞ்சுகளின் படத்தை அனுப்பினால் வாழ்த்திவிட்டு, "மொத்தம் எத்தனை முட்டைப்பா? மீதி என்ன ஆச்சு? திறந்து பார்த்தியா?" என்றும் கேளுங்கள். திட்டுகிற குரலில் வேண்டாம். பேரன் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் வராத கணக்கைப் பற்றி எப்படிக் கேட்பீர்களோ, அந்தக் குரலில்.

முட்டை அறைப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வரும்போது என் நோட்டுகளை எனக்குப் பின் வந்தவரிடம் கொடுத்தேன். அவற்றில் பொரித்தவற்றைப் பற்றிய பக்கங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். தேதி, எடை, நீளம், அவ்வளவுதான். பொரிக்காதவற்றின் பக்கங்கள்தான் அதிகம். அவர் இப்போதும் எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவார். அவர் சந்தேகம் கேட்பதும் அந்தப் பக்கங்களைப் பற்றித்தான்.